ரவி மாமாவின் ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணி

1

கிறீம் ரீ என்றதும் பால் கூடப்போட்ட தேத்தண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்துத்தான் என் மாமா முதல்நாள் மாட்டுப்பட்டார். அது ஒரு சாப்பாடு. ஒரு பீங்கான் சாடி நிறையத் தேத்தண்ணி வரும். கூடவே சூடான இரண்டு ஸ்கோன், சின்னக் கிண்ணத்தில் ஸ்ரோபெரி ஜாம், இன்னொரு கிண்ணத்தில் கரண்டி குத்தினால் நிமிர்ந்து நிற்கிற கட்டிக் கிறீம். ஸ்கோனை எங்கள் பேக்கரிப் பணிசுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு மட்டு, பிட்டால் உதிரும், நாளைக்கு என்று எடுத்து வைத்தால் கல்லாகிவிடும். அந்த நேரத்தில், அந்த இடத்தில் சாப்பிட வேண்டிய சாமான்.

நான் அதற்கு அடிமை. பாரிசில் இருந்துகொண்டு இதை எழுதத் துணிவு வேண்டும். இங்கே வேலையிடத்தில் "விடுமுறைக்கு இங்கிலாந்துப் பக்கம் சாப்பிடப் போனேன்" என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஏதோ நோய் என்று சொன்னதுபோலப் பார்த்தார்கள். ஒருத்தி என் தோளைத் தடவிக்கூட விட்டாள்.

எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். காலையில் லா கூர்னெவ்வில் ரயிலேறி, கார் து நோரில் இறங்கி, லா சப்பல் கடைகளைத் தாண்டி வேலைக்குப் போகிறவள். பின்னேரம் அதே வழியால் கருவேப்பிலைக் கட்டோடு திரும்புகிறவள். ஒரு இடத்தில் இருக்கப் பிடிக்காது. அம்மாவின் பாசையில் சொன்னால் காலிலே சில்லு. அந்தச் சில்லு என்னை இங்கிலாந்தின் கிராமங்களுக்குக் கொண்டுபோனதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள்தான். அடுத்த மாதம் அவருடைய முதலாம் வருச ஆட்டைத்திவசம் வருகிறது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

2

ரவி மாமா அம்மாவின் ஒரே தம்பி. நாட்டை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை என்று அம்மா சொல்வார். அம்மா பிரான்சில் மாட்டுப்பட, அவர் லண்டனில் மாட்டுப்பட்டார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பொம்பிளையைப் பாத்திட்டன், அவதான் என்னை இன்னும் பாக்கேல்லை" என்பார். ராக்சி ஓடினார். ஞாயிறு மட்டும் ஓய்வு.

பாரிசுக்கு அடிக்கடி வருவார். வந்தால் அம்மா நண்டு வாங்குவார், கணவாய் வாங்குவார், பனங்கிழங்கு ஒடியல்மாக் கூழ் காய்ச்சுவார். மாமா மூக்கு ஒழுக ஒழுக உறிஞ்சிவிட்டு, "அக்கா, இதுக்காகத்தான் உயிரோடை இருக்கிறன்" என்பார். அம்மாவின் முகம் அப்போது இருக்கிற மாதிரி வேறு எப்போதும் இருந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய மற்ற முகம் எனக்கு லண்டனுக்குப் படிக்கப் போனபோதுதான் தெரிந்தது. போன முதல் ஞாயிறே வாசலில் வந்து கோர்ன் அடித்தார்.

"ஏறு மருமோள். ஒரு இடத்துக்குப் போறம்."

"எங்கை மாமா?"

"எங்கையெண்டு தெரிஞ்சாப் பிறகு என்னத்துக்குப் போறது?"

லண்டன் முடிந்து, பெருந்தெரு முடிந்து, இரண்டு பக்கமும் வேலி உரசுகிற ஒழுங்கைகள் தொடங்கின. செம்மறிகள் நின்று எங்களைப் பார்த்தன. கடைசியில் தேவாலயம் ஒன்று, கல்லறைத் தோட்டம் ஒன்று, பக்கத்தில் தாழ்ந்த கூரையுள்ள ஒரு தேநீர்க் கடை. தலையைக் குனிந்து உள்ளே போனோம். உள்ளே கிழவன் கிழவிகளும், சேற்றுச் சப்பாத்தோடு நடை போனவர்களும், ஒரு நாயும் இருந்தார்கள். கறுத்த தோல் எங்கள் இரண்டு பேருடையதுதான். நான் கொஞ்சம் சுருங்கினேன். மாமா நிமிர்ந்துதான் இருந்தார்.

அங்கேதான் தன் முதல்நாள் கதையைச் சொன்னார். ஒரு வயதான மனுசியைத் தூரத்துக் கிராமம் ஒன்றில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். திரும்புகிற வழியில் அடக்க முடியாத அவசரம். "உண்மையைச் சொன்னா மூத்திரம் பெய்யத்தான் பிள்ளை உள்ளுக்கை போனனான்." ஒன்றும் வாங்காமல் போவது மரியாதை இல்லை என்று, விலைப்பட்டியலில் முதல் வரியைக் காட்டி அதைத் தரச் சொல்லியிருக்கிறார். கிறீம் ரீ. வந்த கிறீமைக் கரண்டியால் அள்ளித் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கினாராம். எண்ணெய் மாதிரி மேலே மிதந்ததாம். கடை முழுக்க இவரையே பார்த்ததாம். பரிமாறிய பெண் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் புதுக் கோப்பையும் புதுக் கிறீமும் கொண்டுவந்து வைத்தாளாம். வைத்துவிட்டு ஸ்கோனைக் கையால் எப்படிப் பிளப்பது என்று ஒன்றைப் பிளந்தும் காட்டினாளாம்.

"சிரிக்கேல்லை பிள்ளை. இந்த நாட்டிலை நான் பிழை விட்டு ஆரும் சிரிக்காத முதல்நாள் அது."

அதற்குப் பிறகு அவருக்கு அது ஒரு பைத்தியம். எனக்கும் தொற்றிவிட்டது. படிப்பு முடிந்து பாரிசுக்குத் திரும்பிய பிறகும் மாதம் ஒரு முறையாவது லண்டன் பஸ் ஏறிவிடுவேன். கென்ற், சசெக்ஸ், ஒருமுறை விடிய வெளிக்கிட்டு டெவன் வரைக்கும். கிறீமை முதலில் பூசுவதா ஜாமை முதலில் பூசுவதா என்று அந்த ஊர்க்காரர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் சண்டை பிடிப்பார்கள். மாமா எந்த மாவட்டத்தில் இருக்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பார். பக்கத்து மேசைக் கிழவனோடு தர்க்கம் பண்ணுவதற்காகவே.

நான் ஒருமுறை பரிமாறிய பெண்ணுக்கு வாய்தவறி "மெர்சி" என்றுவிட்டேன். காரில் வரும் வழியெல்லாம், "எங்கடை பிரெஞ்சு மகாராணி" என்று கும்பிட்டுக்கொண்டே வந்தார், ஸ்ரீயரிங்கை விட்டுவிட்டு.

அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது. மறைத்ததில்லை, கதை அந்தப் பக்கம் போனதே இல்லை. ஞாயிறு பின்னேரம் அம்மா தொலைபேசி எடுப்பார். "என்ன சாப்பிட்டனி?" "சாப்பிட்டனக்கா." "என்ன கறி?" அதற்கு மாமா ஏதோ ஒரு கறியின் பெயரைச் சொல்லுவார். ஸ்கோன் என்ன கறி என்று அவர் எப்படிச் சொல்லுவார்?

3

மாமா நித்திரையில் போய்விட்டார். நெஞ்சு. பக்கத்து அறைக்காரர் தட்டியும் கதவு திறக்கவில்லை. பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது.

அன்றைக்கே நான் பஸ் ஏறலாம். என்னிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. அம்மாவிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். பிரெஞ்சுச் சோதினைக்குப் பயந்து அம்மா கடைசிவரை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. "என்ரை பிரெஞ்சைக் கேட்டா இருக்கிற அகதிக் காட்டையும் பறிச்சுப் போடுவாங்கள்" என்பார். அந்தப் புத்தகத்தோடு கடல் தாண்ட விசா வேண்டும். இத்தனை வருசமாக மாமாதான் வந்துபோனார். அம்மா ஒருமுறையும் அங்கே போனதில்லை. அவருடைய அறை எப்படி இருக்கும், யன்னலால் என்ன தெரியும், ஒன்றும் அம்மாவுக்குத் தெரியாது.

விசாவுக்கு விண்ணப்பித்தோம். கைவிரல் அடையாளம் எடுக்க நாள் கிடைத்தது. வெங்காயமும் மீனும் அரிந்து அரிந்து அம்மாவின் ரேகை தேய்ந்துபோயிருந்தது. இயந்திரம் திரும்பத் திரும்ப மறுத்தது. அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் இருந்தாள். "இன்னொருக்கால் அழுத்துங்கோ மதாம்." அம்மா அழுத்தினார். "பயணத்தின் நோக்கம்?" என்ற கேள்விக்கு நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மா பிரெஞ்சில் பதில் சொன்னார். "மோன் ஃப்ரேர்." என் தம்பி. அவ்வளவுதான் சொன்னார். சோதினை வைத்திருந்தால் அந்த இடத்திலேயே பாஸ் பண்ணியிருப்பார் என்று எனக்குப் பட்டது.

பதில் வரவில்லை. எரிக்கிற நாள் வந்துவிட்டது. நான் போனேன். அங்கே இருந்த ஒன்றுவிட்ட அண்ணன்மார் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தார்கள். தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பக்கத்தில் அம்மா கண்ணாடி போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவேண்டும், ஆனால் தெளிவாகப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

பெட்டி உள்ளே போன பிறகு அம்மா ஒன்றே ஒன்று சொன்னார். "எட்டை நான் இஞ்சை செய்யிறன். அவையள் அங்கை செய்தாலும் செய்யட்டும். நான் என்ரை கையாலை செய்யவேணும்."

4

எட்டு என்றால் எரித்ததற்கு எட்டாம் நாள் படையல், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செத்தவருக்கு விருப்பமானது எதுவோ அதையெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும். மீனோ இறைச்சியோ, குடிக்கிறவர் என்றால் போத்தலோ, தடை இல்லை. ஒன்றே ஒன்றுதான் சட்டம். அது அவருக்கு உண்மையிலேயே விருப்பமானதாக இருக்கவேண்டும். குறையோடு போகக்கூடாது.

திரும்பி வரும்போது நான் ஒரு ஜாம் போத்தலும் ஒரு டப்பா கிறீமும் வாங்கிவந்தேன். எல்லையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஜாம் போகலாம், பாற்பொருள் இப்போது கொண்டுபோக முடியாது என்றார் சுங்கக்காரர். "எனக்குத் தெரியாது, இது சடங்குக்கு" என்றேன். எந்தச் சடங்குக்குக் கிறீம் என்று அவருக்கு விளங்கவில்லை, டப்பாவை எடுத்துக்கொண்டார். எனக்கே அதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் விளங்கியது, நான் என்ன செய்யப்போகிறேன் என்று.

லா சப்பலில் எங்கள் வழக்கமான கடை. வாழையிலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணை நண்டை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"விசேசமோ பிள்ளை?"

"எட்டு அண்ணை. மாமாவுக்கு."

"எந்த மாமா? அந்த லண்டன் ராக்சி ரவியோ? ஐயோ! போன முறை வந்து நிண்டு என்ரை முருங்கைக்காயைப் பாத்து, இது விறகோ எண்டு கேட்டவனெல்லோ?" இன்னொரு நண்டை எடுத்துப் பைக்குள் போட்டார். "இது என்ரை பங்கு. வேறை என்ன?"

"நல்ல கொழுப்பான கிறீம் இருக்கோ அண்ணை?"

தேங்காய்ப்பால் பேணியை எடுத்து நீட்டினார்.

"இல்லை, பசும்பால் கிறீம்."

"எட்டுக்கு ஆர் பசும்பால் கிறீம் படைக்கிறது? புதுச்சேரி ஆக்களின்ரை முறையோ?"

"எங்கடை மாமாவின்ரை முறை" என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். தெருமுனைச் சுப்பர்மார்க்கெற்றில் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

5

கட்டிக் கிறீம் செய்வது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். என்னிடம் இல்லாத சாமான். அகலத் தட்டில் கிறீமை ஊற்றி, போறணை அடுப்பை மிகக் குறைந்த சூட்டில் விட்டு, இரவு முழுக்க அப்படியே மறந்துவிடவேண்டும். காலையில் மேலே பொன்னிற ஆடை கட்டியிருக்கும். ஆறவைத்து அந்த ஆடையோடு வழித்தெடுக்கவேண்டும். எட்டன்று காலையில் அதை எடுத்து வைத்துவிட்டு ஸ்கோனுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

குசினியில் அம்மாவும் மலர் அன்ரியும். மலர் அன்ரி எங்கள் மாடிக்காரி, எல்லாச் செத்தவீட்டிலும் அகப்பை பிடிக்கிறவர். நண்டுக்கறி கொதித்தது. கூழுக்குப் பயற்றங்காய் முறிபட்டது. மலர் அன்ரி என் தட்டை எட்டிப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, களிம்போ?"

"கிறீம் அன்ரி. மாமாவுக்கு."

"படையலுக்கோ? இவள் பிரெஞ்சுக்காரியாகிறாள் எண்டு நாங்கள் கவலைப்பட, இங்கிலீசுக்காரியாயெல்லோ வந்து நிக்கிறாள்!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அகப்பையைக் கீழே வைத்தார்.

"அவனுக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. உதை எடுத்து வை அங்காலை."

"அம்மா, மாமாவுக்கு இதுதான் உயிர். ஒவ்வொரு ஞாயிறும்…"

"அவன் என்னோடை கதைக்கேக்கை ஒருநாளும் சொல்லேல்லை."

"நீங்கள் கறியை மட்டும்தானே கேட்டனீங்கள்?"

சொன்ன பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று பார்த்தேன். மலர் அன்ரி குழாயைத் திறந்து, கழுவின சட்டியையே திரும்பக் கழுவத் தொடங்கினார்.

அம்மா கதிரையை இழுத்து இருந்தார். தன் விரல்களையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவன் சாப்பிட்டு நான் காணேல்லை. நான் காணாததை எப்பிடிப் பிள்ளை அவனுக்கு வைக்கிறது?"

கையில் மாவோடு நின்று, எனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினேன். மூத்திர அவசரத்திலிருந்து தொடங்கினேன். மலர் அன்ரி குழாயை மூடிவிட்டுக் கேட்டார். ஒழுங்கைகளைச் சொன்னேன், செம்மறிகளைச் சொன்னேன், பக்கத்து மேசைக் கிழவன்களைச் சொன்னேன். அம்மா இடையில் இடையில் கேட்டார், விசா எடுக்கப் போன இடத்தில் அந்தப் பெண் கேட்டதுபோலச் சின்னச் சின்னக் கேள்விகள்.

"நீ போகாத ஞாயிறுகளிலை?"

"தனியத்தான் போவார்."

"தனிய இருந்தோ சாப்பிடுறவன்?"

"ஓம் அம்மா."

"ஆர் பரிமாறுறது?"

"கடையிலை நிக்கிற பெட்டையள்."

"அவையள் இவனை… எப்பிடி? மரியாதையோ?"

"பேர் சொல்லிக் கூப்பிடுவினம் அம்மா. 'குட் ஆஃப்ரநூன் ரவி' எண்டு. யன்னல் பக்க மேசை அவருக்கெண்டு விட்டிருப்பினம்."

அம்மா தலையை ஆட்டினார். திரும்பவும் ஆட்டினார். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டில் வழிந்தது.

"நான் நினைச்சன், ஞாயிறிலை அவன் அந்த அறைக்குள்ளை கிடக்கிறான் எண்டு" என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் அதை நினைச்சுத்தான் போன் எடுக்கிறனான்."

பிறகு எழுந்தார். முகத்தைக் கழுவினார். கூழைக் கிண்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நீ கண்டனி. நீ வை."

6

சாமியறை எங்களிடம் இல்லை. இருக்கிற அறையில்தான் மாமாவின் படம். அம்மா இலையை விரித்து நண்டும் கணவாயும் கூழும் வைத்தார். மலர் அன்ரி, தனக்குத் தெரிந்தவரை ரவி குடிக்கிறதில்லை என்றும் ஆனாலும் ஒரு மரியாதைக்கு என்றும் சொல்லி ஒரு பியரை வைத்தார். நடுவில் இடம் விட்டிருந்தது. அம்மா நண்டுச் சட்டியை ஒரு பக்கமாக நகர்த்தி அந்த இடத்தை இன்னும் அகலமாக்கினார்.

நான் ஸ்கோனைக் கையால் பிளந்து, ஜாம் பூசி, கிறீம் வைத்தேன். அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார், பிறகு ஒருநாள் தானே செய்யவேண்டும் என்பதுபோல.

"தேத்தண்ணி?"

"போடப்போறன் அம்மா."

"தள்ளு. அது நான் ஊத்துறன்."

கோப்பையில் ஆவி பறந்தது. கற்பூரம் கொளுத்தினோம். பிறகு முறைப்படி எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம், அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று. ஊரில் என்றால் முற்றத்தில் நிற்பார்கள். நாங்கள் மாடியின் நீட்டு விறாந்தையில், லிஃப்ற்றுக்குப் பக்கத்தில், சுவரோடு வரிசையாக நின்றோம். அம்மா, படைக்கிற நேரத்துக்கு வேலையால் ஓடிவந்த அப்பா, நான், மலர் அன்ரி. நண்டுக்கறி வாசம் கதவுக்குக் கீழால் வந்தது.

லிஃப்ற் திறந்தது. எதிர்வீட்டு அல்ஜீரியக் கிழவர் பாணோடு இறங்கினார். எங்களைப் பார்த்துத் திகைத்தார். சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, மாமா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். எந்த மாமா என்று கேட்க வாயெடுத்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தன் கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே போனார்.

கொஞ்சநேரம் போனது. வழக்கமாக அவ்வளவுதான். மலர் அன்ரி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்.

"திறப்பமே? முழங்கால் விடுதில்லை."

அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அந்தக் கடையளிலை எவ்வளவு நேரம் இருப்பான்?"

"கனநேரம் அம்மா. தேத்தண்ணி முடிஞ்சாலும் எழும்ப மாட்டார். கடை பூட்டுற நேரம்தான் எழும்புவார்."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கதவின் கைப்பிடியைத் தன் கையால் மறித்துக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்தார்.

"அப்ப எல்லாரும் நில்லுங்கோ" என்றார். "அவன் இருக்கட்டும்."